பல் தேய்க்கும் முன் வருகிறவர்

"மாங்காயைப் பாருங்க சார். என்னைப் பாக்காதீங்க. மாங்காயை மட்டும் பாருங்க."

பார்க்கிறேன். யூனிஸ் பையிலிருந்து எடுத்த சின்ன டப்பாவுக்குள் ஒரு கீற்று மாங்காய், மேலே உப்பும் மிளகாய்த்தூளும். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடிக்கிறார். கை நீட்டினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அதைத் தின்னக் கூடாது, தின்றால் பரிசோதனை கெட்டுவிடும். பார்த்தே வாய் ஊறவேண்டும், ஊறியதை அவர் நீட்டுகிற கண்ணாடிக் குழாயில் துப்பவேண்டும். "நுரையா வேணாம் சார். நுரையை வச்சு அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணியாக் குடுங்க." மாங்காய் கிடைக்காத மாதங்களில் எலுமிச்சை ஊறுகாய் வரும். எனக்கு ஊறுகாயைப் பார்த்து அவ்வளவாக ஊறுவதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மாதம் ஒருமுறை, விடிகிற நேரத்தில் வருவார். நாங்கள் பல் தேய்ப்பதற்குள் வந்தாகவேண்டும். காபி குடித்துவிட்டால் அன்றைய எச்சில் செல்லாது. நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, உயரமான பெண்மணி. கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் ஊக்கு, ஒரு கையில் ஐஸ் நிரப்பிய பெரிய பிளாஸ்க், இன்னொரு கையில் மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை. எங்கள் தெருவை முடித்துக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷனில் பீச் போகும் மின்சார வண்டியைப் பிடிக்கவேண்டும். ஐஸ் கரைவதற்குள் பிளாஸ்க் ஆராய்ச்சிக்கூடம் போய்ச் சேரவேண்டும். அதனால் அவர் நடப்பது ஏறக்குறைய ஓட்டம்தான்.

சானடோரியத்தில் குடியிருப்பவர்களிடம் எச்சில் கேட்பது லேசான காரியம் இல்லை. எங்கள் ஸ்டேஷனின் பெயரே காசநோய் ஆஸ்பத்திரியால் வந்தது. எச்சிலைச் சோதிக்கிறார்கள் என்றால் இங்கே எல்லோருக்கும் தோன்றுவது ஒரே ஒரு வியாதி. யூனிஸ் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்துபோனதுமே எதிர்வீட்டு முனியம்மா சுவரோரம் வந்துவிட்டாள்.

"இன்னாம்மா, சார் வூட்டுல யாருக்கு இருமலு?"

பாதி தெரு போய்விட்ட யூனிஸ் திரும்பி வந்து பதில் சொன்னார். "டி.பி. இல்லீங்க. ஹார்மோன்."

"அது இன்னா, அத்த விடப் பெரிய சீக்கா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கதவைத் தட்டியவுடன் அவர் முதலில் சொல்லுவது "டி.பி. இல்லீங்க" என்பதைத்தான். வணக்கம் எல்லாம் அதற்குப் பிறகு.

விஷயம் இதுதான். நகரத்தில் இருக்கும் ஒரு டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்கிறவர்கள், கல்யாணமே ஆகாதவர்கள், ஆகியும் பிரிந்து இருப்பவர்கள் என்று மூன்று கூட்டம். மாதாமாதம் இவர்கள் எச்சிலை எடுத்து அதில் ஹார்மோன் எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஒரு துணையோடு அடங்கி இருக்கிற ஆணுக்கு அது சற்று இறங்கியிருக்குமா, துணை தேடி அலைகிறவனுக்கு ஏறியிருக்குமா என்பது டாக்டரின் கேள்வி. பதில் இன்னும் அவருக்கே தெரியாது. இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்துப் பெயர் எழுதிக்கொண்டார்கள். என் மனைவி பாலாம்பாள் டம்ளருக்காக என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். எனக்கு இறங்குமா ஏறுமா என்று நான் கேட்டபோது, "உங்களுக்கு ஏறி எங்க போகப்போறது?" என்றாள்.

முதல் கூட்டத்துக்கும் இரண்டாம் கூட்டத்துக்கும் ஆள் தாராளமாகக் கிடைத்தது. மூன்றாவதற்கு மட்டும் கிடைக்கவில்லை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் புருஷனைப் பிரிந்தவள் என்றோ பெண்டாட்டியைப் பிரிந்தவன் என்றோ ஒருவர் அகப்பட மாட்டார். புருஷன் 'வடக்கே டியூட்டியில்' இருப்பான். மனைவி 'அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம' போயிருப்பாள். அந்த அம்மா வருஷக்கணக்கில் உடம்பு சரியில்லாமல் இருப்பாள். யூனிஸும் இதே ஊர்க்காரர்தானே. "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று பாலாம்பாள் கேட்டதற்கு, "வெளியூர்ல வண்டி ஓட்றார்" என்று சொல்லிவிட்டு பிளாஸ்க் மூடியை இன்னொரு தரம் இறுக்கினார்.

எங்கள் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. "கை எச்சில்மா" என்பார். பையில் கார்பாலிக் சோப்பு ஒன்று தனியாக வைத்திருப்பார். எங்கள் அடிபம்பில் முழங்கைவரை தேய்த்துக் கழுவியபிறகும் அதே பதில்தான். தெருவிலும் அப்படித்தான் நடத்தினார்கள். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் தெளிக்கிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். எச்சிலை வாங்கிப்போய் மந்திரித்துவிடுவார்கள் என்று ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அவர் குடையை விரித்து நாய்க்கு நேரே பிடித்தபடி பின்நோக்கியே நடந்து தெருவைக் கடந்தார். பாலாம்பாள் வாரப் பத்திரிகையில் ராசிபலன் படிப்பதைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "நாளைக்கு நடக்கிறது ஆண்டவர் கையில. இதெல்லாம் எதுக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

எங்களுக்கு அடுத்த வீடு கிளியம்மாளுடையது. வாடகை வீடுதான். கீழே அவள், மாடி அறையில் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கும் ரவி என்கிற கல்யாணமாகாத பையன். கிளியம்மாளும் அதே வளாகத்தில் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேனை ஓட்டிய தயாளன் என்பவர் அவளோடு இருந்தார். அவர்கள் பெயரும் அந்த டம்ளர் முகாமில் ஏறியிருந்தது, சேர்ந்து வாழ்கிறவர்கள் கூட்டத்தில்.

அந்த வீட்டில் மட்டும் யூனிஸ் மாங்காயை எடுப்பதில்லை என்பதைச் சுவருக்கு இந்தப்பக்கம் பம்பு அடித்துக்கொண்டே கவனித்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே நிற்பார். தட்ட மாட்டார், "டி.பி. இல்லீங்க" கிடையாது. கிளியம்மாள் இரண்டு குழாய்களோடு வருவாள். ஒன்று அவளுடையது, ஒன்று தயாளனுடையது. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த மாதத்துக்கான காலிக் குழாய்கள் கைமாறும். அவள் பெரிய வீட்டு மருமகளைப் போலத் தலைகுனிந்து உள்ளே போவாள். கிளியம்மாள் வேறு யாரிடமும் அப்படித் தலைகுனிந்து நான் கண்டதில்லை.

விஷயம் ஆடி மாதத்தில் வெளியே வந்தது. அன்று மழை. வண்டி தாமதம் என்று கேள்விப்பட்டு யூனிஸ் எங்கள் வீட்டிலேயே ஒதுங்கினார். பாலாம்பாள் ஏதோ பேச்சில், பக்கத்து வீட்டுத் தயாளனைப் பற்றி, "அவர் அவளுக்குத் தாலி கட்டின மாதிரியும் தெரியல" என்று வம்பாகச் சொன்னாள்.

"கட்டியிருக்க முடியாதும்மா. என்னைக் கட்டினவர் அவர்" என்றார் யூனிஸ்.

யூனிஸ் அழவெல்லாம் இல்லை. முகாமில் தயாளன் பெயர் கொடுத்தபோது எச்சில் வாங்க வரப்போவது யார் என்று அவருக்குத் தெரியாதாம். முதல் மாதம் இவர் கேட்டில் நின்றதும் மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப்பின் கேட்டுக்கு வந்ததே இல்லை. டாக்டரிடம் சொன்னால் வேறு தெரு மாற்றித் தருவார். இவர் சொல்லவில்லை.

"ஏம்மா இப்படி உங்களை நீங்களே..." என்று பாலாம்பாள் ஆரம்பித்தாள்.

"அவர் சாப்பிட்ட தட்டுலதான் நான் சாப்பிடுவேன். எங்க அம்மா திட்டுவாங்க, நம்ம வீட்ல இப்படி வழக்கம் இல்லடின்னு. எனக்குப் பிடிக்கும். இப்போ மாசத்துல ஒரு நாள் இது வருது. வேற யாராவது எடுத்துட்டுப் போறதுக்கு நானே எடுத்துட்டுப் போறேன்."

இதைக் கேட்ட பிறகு அந்தத் தயாளன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒல்லியான, மீசையை ஒழுங்காகக் கத்தரித்த, யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற ஆள். எதைக் கண்டு இரண்டு பெண்கள் மயங்கினார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆராய்ச்சி தொடங்கிய புதிதிலேயே ஒரு நாள் கூடத்தில் டாக்டர் டீ குடித்துக்கொண்டே, ஏற்றம் இறக்கம் பற்றிய தன் யோசனையை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் நிச்சயமில்லை, உடம்பு, வயது, தூக்கம் எல்லாம் சேர்ந்து குழப்பும் என்றும் சொல்லியிருக்கிறார். யூனிஸின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அடங்கி இருக்கிறவனுக்கு இறங்கும், மனசு வெளியே போகிறவனுக்கு ஏறும். அன்றிலிருந்து மாதாமாதம் பிளாஸ்க்கை ஒப்படைக்கும்போது பரிசோதனை செய்கிற பெண்ணிடம் ஒரே ஒரு குழாயின் அளவை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார். ராசிபலனைத் திட்டியவர்தான். அந்த ஓர் எண்ணில் கிரகம், வீடு, பெயர்ச்சி எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சித்திரையிலிருந்து புரட்டாசிவரை எண் கீழேயே கிடந்தது. அந்த மாதங்களில் அவர் வருவதும் போவதும் தெரியாது. எனக்கு ஊறவில்லை என்றால்கூட வருத்தப்பட மாட்டார். ஐப்பசியில் எண் ஏறியது.

பாலாம்பாளிடம் அதைச் சொல்ல வந்த அன்றுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காபி குடித்தார். "ஏறியிருக்கும்மா. திடீர்னு. அந்தப் பொண்ணே ரெண்டாவது தரம் செஞ்சு பாத்துச்சாம். சரியாத்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு அந்த வீட்ல ஒட்டல" என்றார்.

கார்த்திகையிலும் ஏற்றம்தான். கடப்பேரியில் இருந்த தன் வீட்டுக்கு வெள்ளையடித்தார். பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த தயாளனின் சட்டைகளை இஸ்திரி வண்டியில் கொடுத்து வாங்கினார். சர்ச்சில், பெயர் சொல்லாமல், பிரிந்த ஒரு குடும்பம் சேர ஜெபிக்கச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கென்று ஒரு சட்டைத்துணி எடுத்து, பழைய அளவு கொடுத்துத் தைத்தும் வைத்தார். "ஹார்மோன் ஏறினா வீட்டுக்குத் திரும்பணும்னு டாக்டர் சொன்னாரா?" என்று நான் கேட்டதற்கு, பாலாம்பாள் என் காலை மிதித்தாள். யூனிஸ் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் மேலே கேட்க மனம் வராது.

கிறிஸ்துமஸ் போயிற்று. வருஷப்பிறப்பு ஆராதனைக்கும் பக்கத்து இடத்தை யாரும் உட்காராமல் பிடித்து வைத்திருந்தாராம். தயாளன் வரவில்லை. ஆனால் எண் இறங்கவில்லையே. வர வெட்கப்படுகிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று யூனிஸே ஒரு முடிவுக்கு வந்தார். தை மாதம் குழாய் வாங்க வருகிற அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து, கிளியம்மாள் வெளியே வருமுன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று பாலாம்பாளிடம் சொல்லி வைத்திருந்தார்.

அன்று பனி. நான் பம்படியில் நின்றிருந்தேன். யூனிஸ் எங்கள் வீட்டைத் தாண்டி நேரே பக்கத்து கேட்டுக்குப் போனார். புடவை புதிது. கூப்பிட வாயெடுத்த அதே சமயம் மாடிப்படியில் ரவி இறங்கி வந்தான். லுங்கி, கலைந்த தலை, கையில் கண்ணாடிக் குழாய்.

"அக்கா, இந்தாங்க. இந்த மாசம் கொஞ்சம் நுரைதான். பரவாயில்லையா?"

கிளியம்மாள் கையை நீட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தவள் கேட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அது யாரோடது தம்பி?" என்று யூனிஸ் கேட்டார்.

"என்னோடதுதாங்க. தீபாவளிக்கு முன்னாலேர்ந்து நான்தானே குடுக்கறேன். அக்கா ஏதோ டெஸ்ட்டுன்னு..." இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, குழாயைக் கிளியம்மாள் கையில் திணித்துவிட்டு அவன் படியேறிப் போய்விட்டான்.

"அவர் எங்க?"

"பூட்டாரு."

"எங்க போயிட்டார்?"

"தெரிஞ்சா நான் ஏங்க்கா இங்க நின்னுகினு கீறேன்? ஆயுத பூஜைக்கு வேனுக்கு மால போட்டாரு, பொரி வாங்கியாந்தாரு. மறுநாளு கம்பெனி வேலய உட்டு நின்னுட்டாரு. துணிமணி அல்லாத்தையும் எடுத்துகினு பூட்டாரு. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த சொல்லல."

யூனிஸ் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஐப்பசியிலிருந்து அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது மாடி வீட்டுப் பையனின் எச்சில். ஏறியதும் அவனுடைய கணக்கு. தயாளன் கண்ணில் படாததற்கு ராத்திரி டியூட்டிதான் காரணம் என்று நாங்களும் நினைத்திருந்தோம். நான் உள்ளே போயிருக்கலாம், போகவில்லை.

"எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் யூனிஸ்.

"உன் வூட்டுக்குத்தான் வந்துகிறாருன்னு மொதல்ல நெனச்சேங்க்கா. சரி, கட்டினவகிட்டதானே பூட்டாருன்னு மனச தேத்திகினேன். அப்பால நீ வந்து இதே எடத்துல நின்னுகினு அவரு எச்சிக்குக் கை நீட்டினே. அப்பத்தான் தெரிஞ்சுது, அங்கயும் வரலன்னு." கிளியம்மாள் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "இன்னான்னு சொல்லச் சொல்றே? உங்கையிலேர்ந்து புடுங்கினத நானும் தொலச்சிட்டு நிக்கிறேன்னா? நீ இத்த வாங்கும்போது உன் மூஞ்சி எப்டி ஆவும்னு நீ பாத்தது இல்ல. நான் பாத்துகீறேன். சொல்ல வாய் வரல. மாடில போயி அந்தப் பையனக் கேட்டேன்."

பீச் வண்டி வருகிற சத்தம் கேட்டது. யூனிஸ் அவள் கையிலிருந்து குழாயை வாங்கி, மூடியைத் திறந்து, கேட்டோரச் சாக்கடையில் கவிழ்த்தார். பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார்.

"மூணாவது கூட்டத்துக்கு ஆளே கிடைக்கலன்னு டாக்டர் சொல்லிட்டே இருக்கார். இந்த மாசத்துலேர்ந்து நான் குடுக்கப் போறேன். நீங்களும் அதுல குடுங்க."

"எனக்கு வாயெல்லாம் ஒலந்து கெடக்குதுக்கா."

"பரவால்ல. வர வரைக்கும் நிக்கிறேன்."

"ஒன் வண்டி பூடும்."

"போகட்டும்."

கிளியம்மாள் குழாயை வாயருகே கொண்டுபோனாள். துப்புவதற்கு வாயைக் குவித்தவளுக்கு அழுகைதான் வந்தது. கண்ணீரும் எச்சிலும் சேர்ந்து குழாய்க்குள் பாதியும் வெளியே பாதியுமாக முகவாயில் வழிந்தன. யூனிஸ் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தன் புதுப் புடவைத் தலைப்பை இழுத்து அந்த முகவாயைத் துடைத்துவிட்டார்.